நெற்றியும் இடுப்பும்

போன வருடம் கத்திரி வெயில் நேரத்தில் மதுரையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபம் முழுக்க ஏசி என்று போனில் அழைக்கும்போதே பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். ஏசி ஓடியது, பொய் சொல்லவில்லை. ஆனால் அறுநூறு பேர் ஏறி இறங்குகிற மண்டபத்தில் கதவு எப்போது மூடியிருக்கும்? பந்தி நடந்த கீழ்த்தளத்தில் மின்விசிறிதான். நான் பட்டு வேட்டி கட்டி, அதன் மேல் இப்போது எல்லோரும் போடுகிற ஒட்டும் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா ஒருவர் இலையிலிருந்து தலையைத் தூக்கி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏம்ப்பா, முகத்துல ஒரு களை வந்திருக்கே. மெட்ராஸ் தண்ணியா?" என்றார். பக்கத்து இலையிலிருந்த அத்தை விடவில்லை. "தண்ணியாவது ஒண்ணாவது. தினமும் பேட்மிண்டன் ஆடப் போறானாம். வேர்த்து ஊத்துதுல்ல, கெட்டதெல்லாம் வெளிய போயி மூஞ்சி தெளிஞ்சிருக்கு."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே வலதுகைக் கட்டைவிரலை பெல்ட்டுக்கும் வேட்டிக்கும் நடுவில் நுழைத்து, யாரும் பார்க்காதபடி நான்கு இழுப்பு இழுத்தேன். காலையிலிருந்து அதே வேலைதான். தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தார்கள். நான் தூணில் இடுப்பை உரசிக்கொண்டு நின்றேன், கோயில் யானை மாதிரி. பந்தி முடிந்ததும் மாடி அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு பெல்ட்டை அவிழ்த்தேன். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தால், தொப்புளுக்குக் கீழே தொடங்கி முதுகுவரை ஒரு சிவந்த கோடு வளைந்து வளைந்து போகிறது. ஓரம் தடித்திருக்கிறது, உள்பக்கம் கருத்திருக்கிறது, நடுவில் சாம்பல் பூத்த மாதிரி தோல் உதிர்கிறது. அதே கண்ணாடியில் மேலே என் முகம். பெரியம்மா சும்மா சொல்லவில்லை. நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

சென்னைக்குத் திரும்புகிற ரயிலில் இதுதான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. ஐந்து மாதமாக ஆடி வேர்த்ததுதான் முகத்துக்குக் களை கொடுத்தது என்றால், இடுப்புக்கு மட்டும் அதே வியர்வை என்ன பகை? உடம்பு ஒன்று, உப்பு ஒன்று. மேலே பாராட்டு, கீழே படை.

கெட்டதெல்லாம் வெளியே போகிறதாம்

அத்தை சொன்னதையேதான் எங்கள் ஆட்டக்களத்திலும் எல்லோரும் சொல்வார்கள். ஆடி முடித்துப் பனியனைப் பிழிந்து, "பாரு, உள்ள இருந்த விஷம் பூரா வெளிய வந்துருச்சு" என்று ஒருவர் தினமும் காட்டுவார். பிழிந்ததைக் கொண்டுபோய்ச் சோதித்தால் ஏமாற்றமாக இருக்கும். வியர்வையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர். மிச்சத்தில் பெரும்பங்கு சோற்றுப்பு. அதற்குப் பிறகு கொஞ்சம் லாக்டேட், கொஞ்சம் யூரியா, துளித்துளியாகப் பொட்டாசியம் போன்றவை. உடம்பின் கழிவைப் பிரித்து வெளியேற்றுகிற வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது; அவை சத்தமில்லாமல் செய்துவிடுவதால் யாரும் பாராட்டுவதில்லை. வியர்வைக்கு வேலை ஒன்றுதான், உடம்பைக் குளிர்விப்பது. அதையும் அது வழியும்போது செய்வதில்லை, காயும்போதுதான் செய்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் தோலிலிருந்து கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். தரையில் சொட்டியதும் பனியனில் பிழிந்ததும் எதையும் எடுத்துப்போகவில்லை. சென்னையில் நாம் ஊற்றுகிற வியர்வையில் பாதி இப்படி வீணாகப் போவதுதான். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது தோலில் இருப்பது எங்கே போகும்?

அப்படியானால் முகத்தின் களை எங்கிருந்து வந்தது? சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குக் கால் லிட்டரோ அரை லிட்டரோ ரத்தம்தான் தோல் பக்கம் வருகிறது. கடும் வெப்பத்தில் அது 6 லிட்டரையும் தாண்டும். உடம்பின் சூட்டை வெளியே கொண்டுவந்து கொட்ட வேண்டுமே. அந்த ரத்தம் தோலுக்கு அடியில் ஓடும்போது முகம் நிறம் மாறுகிறது. அதன் மேல் மெல்லிய ஈரப்படலம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. ஒரு மணி நேரத்தில் இரண்டும் போய்விடும். பெரியம்மா பார்த்தது ஏசி எட்டாத பந்தியில் ஓடிக்கொண்டிருந்தவனின் முகத்தை. அதோடு, ஐந்து மாத ஆட்டத்தில் நான் கொஞ்சம் இளைத்திருந்தேன், நன்றாகத் தூங்கினேன், ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்திருந்தேன். இதையெல்லாம் விட்டுவிட்டு வியர்வைக்கு மாலை போட்டாயிற்று.

பரு விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. வேர்த்தால் துளைகள் திறந்து அழுக்கு வெளியே வரும் என்று என் மகனின் நண்பர்கள் நம்புகிறார்கள். வியர்வை வருகிற துளை வேறு, எண்ணெய் வருகிற மயிர்க்கால் வேறு. நம் உடம்பில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. தோலைக் குளிரவைக்கிற அந்தச் சுரப்பிகளுக்குத் தனித்தனியாக மெல்லிய குழாயும் வாயும் உண்டு. பரு கிளம்புவது எண்ணெய்ச் சுரப்பி இருக்கும் மயிர்க்காலில். பக்கத்து வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டு நம் வீட்டுச் சாக்கடை அடைப்பு எடுபடும் என்று காத்திருப்பது போலத்தான். திறப்பதற்கும் மூடுவதற்கும் அந்தத் துளைகளில் தசையும் கிடையாது.

இப்படிச் சொன்னதால் வியர்வையால் தோலுக்கு எந்த நன்மையும் இல்லை என்று அர்த்தமில்லை. அதிலிருக்கும் லாக்டேட்டும் யூரியாவும் தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. குதிகால் வெடிப்புக்கு நாம் வாங்கும் களிம்பு அட்டையைத் திருப்பிப் பார்த்தால் யூரியா, லாக்டிக் அமிலம் என்று போட்டிருக்கும். தொழிற்சாலையில் செய்தது, விலை அதிகம், அவ்வளவுதான். 2001-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து ஆய்வாளர்கள் வியர்வையில் டெர்ம்சிடின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவைக் கொல்லக்கூடியது. பத்து வருடம் ஏசி அறையிலேயே உட்கார்ந்திருந்தபோது என் முழங்கையில் நகத்தால் கோடு போட்டால் சிலேட்டில் எழுதிய மாதிரி வெள்ளையாக நிற்கும். இப்போது நிற்பதில்லை. அந்த அளவுக்கு அத்தை சொன்னதில் உண்மை இருக்கிறது.

மாமாவின் பச்சை பெல்ட்

இடுப்பைக் கண்ணாடியில் பார்த்த உடனே எனக்கு நினைவுக்கு வந்தவர் மாமா. அம்மாவுக்கு அடுத்த தம்பி. விருதுநகரில் பரோட்டா மாஸ்டர், சொந்தக் கடை. கடை என்றால் நான்கு பெஞ்சு, ஒரு கல், ஒரு சால்னா அண்டா. கல் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கல்லின் நடுக்குழியில் எண்ணெய் நிற்கும், பரோட்டா அதில் முங்கிப் பொரியும். மாலை ஐந்து மணிக்குக் கல்லைச் சூடேற்றினால் ராத்திரி பதினொன்றுவரை அதன் முன்னாலேயே நிற்க வேண்டும். பள்ளி விடுமுறையில் நான் அங்கே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாவு உருண்டையைத் தட்டி, வீசி, சுருட்டி வைக்கும்வரை நெற்றி மின்னிக்கொண்டே இருக்கும். புருவத்தில் கோத்து நிற்கும் முத்துகளைத் தோளால் ஒரு இழுப்பு இழுப்பார், தோளில் துண்டு இருக்கும். பொரிந்த பரோட்டாக்களை அடுக்கி இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அடிக்கும்போது முகத்தில் ஆவி பறக்கும். அறுபது வயதிலும் அந்த முகத்தில் சுருக்கம் இல்லை. "அவருக்கென்ன, தினமும் நெருப்பு முன்னால வேர்க்குது. அழுக்கே தங்காது" என்று தெருவே சொல்லும்.

கடையில் கல்லா என்று தனியாக ஒன்று இல்லை. கல்லா அவர் இடுப்பில்தான் இருந்தது. கைலிக்கு மேல் நான்கு விரல் அகலத்தில் பச்சை பெல்ட், முன்னால் இரண்டு பை, ஒன்றில் நோட்டு, இன்னொன்றில் சில்லறை. கைலிக்கட்டு, அதற்குள் அண்டர்வேர் நாடா, எல்லாவற்றுக்கும் மேலே இந்த பெல்ட். கடை மூடும்வரை அவிழ்க்க முடியாது, காசு இருக்கிறதே. விடுமுறைக் காலையில் தோட்டத்து மோட்டாரில் குளிக்கப் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். அந்த பெல்ட் இருந்த இடத்தில் இடுப்பைச் சுற்றிக் கரியால் வரைந்தது போல ஒரு பட்டை. அதன் ஓரங்களில் சிவப்பு. தண்ணீர் பட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். என்ன மாமா என்று கேட்டால், "படை மாப்ள, வேர்வைப் படை" என்பார். அத்தை சீமை அகத்தி இலையை உப்பு வைத்து அரைத்துத் தருவார், தடவுவார். அந்த இலைக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டு, ஆகவே நான்கு நாள் அடங்கும். ஐந்தாம் நாள் அதே பெல்ட், அதே கல்.

ஊரே பார்த்தது நெற்றியை. இடுப்பைப் பார்த்தது அத்தையும் நானும் மட்டும்.

ஒரு டியூபும் ஒரு வட்டமும்

எனக்கு அரிப்பு ஆரம்பித்தது மார்ச் மாதத்தில். ஆபீஸ் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் போய் நின்று, குரலைத் தாழ்த்தி, "இடுப்புல அரிப்பு" என்றேன். கடைக்காரர் என் முகத்தைக்கூட முழுசாகப் பார்க்காமல் ஒரு டியூபை எடுத்து வைத்தார். எல்லோருக்கும் இதுதான் சார் கொடுக்கிறோம் என்றார். தடவினேன். அற்புதம். இரண்டே நாளில் அரிப்பு போனது, சிவப்பு மங்கியது. ஒரு வாரம் கழித்து நிறுத்தினேன். மூன்றாம் நாள் முன்பைவிட அகலமாக வந்தது. மறுபடி தடவினேன், மறுபடி போனது. இப்படி மூன்று டியூப். கல்யாணத்துக்குப் போகும்போது என் பெட்டியில் வேட்டிக்குப் பக்கத்தில் நான்காவது இருந்தது.

ஊரிலிருந்து வந்ததும் மனைவி தோல் டாக்டரிடம் அனுப்பி வைத்தாள். "டவலைத் தனியா வச்சுக்கங்க, பையனுக்கு வந்துரப்போகுது" என்று வேறு சொன்னாள். தீண்டாமை வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிட்டது என்று எனக்குக் கோபம். டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும், நிதானமான பெண்மணி. இடுப்பைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "என்ன டியூப்?" போனில் படம் வைத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுல மூணு மருந்து கலந்திருக்கு. பூஞ்சைக்கு ஒண்ணு, பாக்டீரியாவுக்கு ஒண்ணு. மூணாவது ஸ்டீராய்டு. உங்களுக்கு அரிப்பு நின்னது அதனாலதான். அது பூஞ்சையை விரட்டல, உங்க தோலோட எதிர்ப்பைத் தூங்க வச்சிருக்கு. வீட்டுக்காரனைத் தூங்க வச்சுட்டா திருடனுக்கு வசதிதானே?" என்றார்.

இந்தக் களிம்புகள் இந்தியாவில் செய்து வைத்திருக்கும் கூத்து பெரியது. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. எனக்கு யாரும் சீட்டுக் கேட்கவில்லை; நானும் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கண்டபடி தடவித் தடவி, வழக்கமான மருந்துக்கு மசியாத படர்தாமரை கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. அப்படி மருந்தை எதிர்த்து நிற்கும் ஒரு பூஞ்சைக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைகோபைட்டன் இண்டோடினியே என்று பேர் வைத்தார்கள். நம் நாட்டின் பேரும் அதில் ஒட்டிக்கொண்டது.

டாக்டர் ஒரு கண்ணாடிச் சில்லின் ஓரத்தால் இடுப்பில் உதிர்வதைச் சுரண்டி எடுத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, உள்ளறையிலிருந்த நுண்ணோக்கிக்குப் போனார். வந்து உட்கார்ந்தார். நான்தான் ஆரம்பித்தேன். "வேர்வைதான் டாக்டர் காரணம். ஆடறதை நிறுத்திடறேன்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வேர்வை மேல பழி போடாதீங்க. நெத்தியில வேர்க்கலையா? உள்ளங்கையில வேர்க்கலையா? அங்கெல்லாம் சுரப்பி இன்னும் நெருக்கமா இருக்கு. அங்க ஏன் வரல?" எனக்குப் பதில் தெரியவில்லை. "எத்தனை மணிக்கு ஆட்டம் முடியும்?"

ஏழே காலுக்கு. அப்புறம்? அப்புறம் டீக்கடை. எத்தனை நேரம்? அரை மணி, சில நாள் முக்கால் மணி. சட்டை மாற்றுவீர்களா? சட்டை மாற்றுவேன், டாக்டர். பேண்ட்? இல்லை. அப்புறம்? துரைப்பாக்கத்திலிருந்து மேடவாக்கத்துக்கு பைக்கில். பள்ளிக்கரணை நெரிசலில் முக்கால் மணி நேரம். வீட்டுக்குப் போனதும் குளித்துவிடுவீர்களா? நான் கொஞ்சம் தயங்கினேன். சாப்பிட்டுவிட்டு, செய்தி பார்த்துவிட்டுக் குளிப்பேன். எத்தனை மணி ஆகும்? ஒன்பதரை. அவர் சீட்டின் மூலையில் 7.15 என்று எழுதினார், பக்கத்தில் 9.30 என்று எழுதினார், இரண்டையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டார். "ரெண்டே கால் மணி நேரம். வாரத்துக்கு ஆறு நாள். துணி ரொம்ப நேரம் துவைச்சா விரல் நுனி ஊறி வெளுக்குமே, பாத்திருக்கீங்களா? உங்க இடுப்பு எலாஸ்டிக்குக்கு அடியில தினமும் அப்படி ஊறுது. ஊறின தோல் கெட்டியா இருக்காது. அதுமேல பட்டை உரசும். பூஞ்சைக்கு இதைவிட என்ன வேணும்? உங்க நெத்தி பைக்குல வரும்போதே காஞ்சிருது, அதான் அது தப்பிச்சுது."

மாமாவின் கல் தெருவைப் பார்த்து இருந்தது எனக்கு அந்த நாற்காலியில்தான் உறைத்தது. விருதுநகர்க் காற்று காய்ந்த காற்று. அது அவருடைய முகத்தையும் கையையும் மார்பையும் நிமிடத்துக்கு நிமிடம் துடைத்துக்கொண்டே இருந்தது. பெல்ட்டுக்கு அடியில் மட்டும் அது போகவில்லை. இத்தனை வருடமாக நானும் அவரும் தெருவும் எவ்வளவு வேர்க்கிறது என்பதையே அளந்துகொண்டிருந்தோம்.

டாக்டர் மாத்திரையும் ஸ்டீராய்டு இல்லாத களிம்பும் எழுதினார். தடிப்பின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் தடவ வேண்டும், தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது, உள்ளாடையை வெயிலில் காயவைத்து உட்புறம் இஸ்திரி போட வேண்டும். டவல் தனி. (மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் எதுவும் பேசவில்லை, ஒரு பார்வை பார்த்தாள்.) பழைய டியூபை நிறுத்தியதும் முதல் பத்து நாள் நரகம். இடுப்பு தீயாக எரிந்தது. எழுந்து போய் அந்த நான்காவது டியூபை எடுத்துவிடலாமா என்று இரண்டு ராத்திரி யோசித்தேன். மொத்தமாக அடங்க எட்டு வாரம் ஆயிற்று. ஆட்டத்தை நிறுத்தவில்லை. களத்திலேயே ஒரு குழாயடி இருந்தது, ஐந்து மாதமாக நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இப்போது டீ அப்புறம்தான்.

நுங்குத் தண்ணீர்

அந்த வட்டத்தைப் பார்த்த பிறகு பழைய விஷயங்கள் சில வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. சின்ன வயதில் வேர்க்குரு வந்தால் பாட்டி நுங்கைக் குத்தி அந்தத் தண்ணீரை முதுகில் தேய்த்துவிடுவார். நுங்கின் குளிர்ச்சிதான் மருந்து என்று நம்பினோம். வேர்க்குரு வருவது, வியர்வைக் குழாயின் வாய் ஊறி அடைபட்டு, வெளியே வரவேண்டிய வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதால். அந்த முள் குத்துகிற மாதிரியான சுருக்கு அதுதான். நுங்குத் தண்ணீர் உள்ளே போய் எந்த அடைப்பையும் எடுக்காது. ஆனால் அதைத் தடவிக்கொண்டு யாரும் சட்டை போட மாட்டார்கள், பிசுபிசுவென்று ஒட்டும். திண்ணையில் வெற்று முதுகோடு குப்புறக் கிடக்க வேண்டும். பாட்டி பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே பக்கத்து வீட்டோடு பேசுவார். அரை மணி நேரம், காற்றில், துணி படாமல். பாதி மருந்து அங்கே இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் பதிலாகப் பின்னாளில் பவுடர் வந்தது. நாங்கள் அதை ஈர முதுகிலேயே கொட்டி, மேலே பனியன் போட்டு, மாவு மாதிரி குழைத்து வைத்துக்கொண்டோம்.

தேமலும் இந்தக் கணக்கில் வருகிற ஆள்தான். எல்லோர் தோலிலும் குடியிருக்கும் மலாசீசியா என்ற பூஞ்சை, புழுக்கத்திலும் எண்ணெய்ப்பசையிலும் கொழுத்து, தோல் நிறமியைத் தயாரிக்க விடாமல் தடுக்கிறது. அதனால்தான் மார்பிலும் முதுகிலும் வெளிர்ந்த புள்ளிகள். மருந்து போட்டு அது செத்த பிறகும் நிறம் திரும்ப மாதக்கணக்காகும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அடுத்த டியூபுக்குப் போகிறவர்கள் ஏராளம். பழைய தமிழ்க் காதல் பாடல்களில் இளம்பெண்களின் மேனியில் பூத்த சுணங்கை வேங்கைப் பூவுக்கு ஒப்பிட்டுக் கொண்டாடுவார்கள். உரைக்காரர்கள் அதற்கு அழகுத் தேமல் என்று பொருள் எழுதுவார்கள். டாக்டரின் காத்திருப்பு அறையில் தேமலுக்கு வந்திருந்த கல்லூரிப் பெண்ணிடம் இதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். அடிப்பாள் என்று விட்டுவிட்டேன்.

என்னை இன்னும் தொந்தரவு செய்கிற விஷயம் வேறு. வேர்த்ததும் குளி, துணி மாற்று, காற்றாட நில் என்று எனக்குச் சொன்ன வைத்தியத்தில் மாத்திரையைத் தவிர எதற்கும் காசு தேவையில்லை. ஆனால் குழாயடியும், மாற்றுத் துணியும், கால் மணி நேரமும் வேண்டும். பள்ளிக்கரணை சிக்னலில் எனக்கு முன்னால் நிற்கிற சாப்பாடு டெலிவரி பையன்களின் முதுகைப் பார்க்கிறேன். பையை இறக்கும்போது, பை இருந்த சதுரம் அப்படியே நனைந்திருக்கிறது. கம்பெனி கொடுத்த சட்டை, பாலியஸ்டர், காற்று நுழையாது. அடுத்த ஆர்டர் வந்துவிடும், பை மறுபடி ஏறும். பெல்ட்டும் பூட்சும் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிற போக்குவரத்துக் காவலர், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டிச் சித்தாள் வேலை செய்கிற பெண்கள். இவர்கள் யாரிடமாவது போய், வேர்த்ததும் துணி மாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உழைப்பவரின் வியர்வையைப் பற்றி நம் மேடைகளில் எவ்வளவோ பேசுகிறோம். அந்தப் பேச்சிலும் வியர்வை எப்போதும் நெற்றியில்தான் இருக்கும்.

மாமா வந்தார்

ஆவணியில் மாமா சென்னைக்கு வந்தார், பேத்திக்குக் காதுகுத்து. முட்டிவலி வந்ததிலிருந்து கல்லுக்கு முன்னால் நிற்பதில்லை. மகன் பார்த்துக்கொள்கிறான், இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். என் இடுப்புக் கதையை நான் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தேன். அவர் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டு, தோள்பையின் பக்கத்து ஜிப்பைத் திறந்து ஒரு டியூபை எடுத்துக் கட்டிலில் வைத்தார். பற்பசையைக் கடைசிவரை பிதுக்குவதற்குச் சுருட்டுவோமே, அப்படி அடியிலிருந்து சுருட்டியிருந்தது. கம்பெனி வேறு. திருப்பிப் பார்த்தேன், அதே மூன்று மருந்து.

"எத்தன வருசமா மாமா?"

"இருக்கும், பத்துப் பன்னெண்டு. தெனமும் போடுறதில்ல. தாங்க முடியாதப்பதான்."

பனியனைத் தூக்கிக் காட்டினார். சின்ன வயதில் நான் பார்த்த கரிப்பட்டை இன்னும் இருந்தது, ஆனால் மாறியிருந்தது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, அடியில் நீல நரம்புகள் தெரிந்தன. குறுக்கே பளபளப்பாகச் சில கோடுகள், பிள்ளை பெற்றவர்கள் வயிற்றில் இருக்குமே, அது போல. ஸ்டீராய்டை வருடக்கணக்கில் தடவினால் தோல் இப்படி இளைத்துவிடும். ஓரத்தில் மட்டும் புதிதாகச் சிவந்து அந்தப் பழைய கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. "இது போகுமா மாப்ள?" என்று கேட்டார். அரிப்பு போகும், நிறம் கொஞ்சம் தெளியும், மெலிந்த தோல் அவ்வளவாகத் தேறாது என்று சொல்லத் தெரிந்தும் சொல்லவில்லை. "சாயங்காலம் டாக்டரைப் பாத்துருவோம் மாமா" என்றேன்.

டாக்டர் அவருக்கும் சுரண்டிப் பார்த்தார். டியூபை வாங்கி மேசை ஓரமாக வைத்துக்கொண்டார், திட்டவில்லை. பிறகு என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். "ஐயா, கடையில நின்ன காலத்துல, வேர்வை ஈரத்தோட அந்த பெல்ட் எவ்வளவு நேரம் இடுப்புல இருக்கும்?"

மாமா அதை ஏதோ அரசாங்கக் கணக்கெடுப்பு போல எடுத்துக்கொண்டார். மடியில் கையை விரித்து வைத்து விரல் மடக்கினார். அஞ்சுக்குக் கல்லு சூடேறும். பதினொண்ணுக்குக் கல்லக் கழுவி வப்பேன். அப்புறம் கணக்கு பாக்கணும், காசு எண்ணணும், வீட்டுக்குப் போய்க் குளிக்கப் பன்னெண்டு ஆகும். ஏழாவது விரலில் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்த்தார்.

"ஏழு மணி நேரம்னு போட்டுக்கங்கம்மா. ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் எட்டு."